அவருக்கு வைத்த கூறு

என் கணவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஃப்ரிட்ஜ்தான் முன்னால் வந்து நிற்கிறது. பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். மேலே ஃப்ரீசர் என்று ஒரு சின்னப் பெட்டி. அதன் மூடி ஒரு பக்கம் உடைந்துபோய், நான்தான் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டி வைத்திருந்தேன். அந்தப் பெட்டிக்குள் இருபத்து மூன்று நாள் கிடந்த ஒரு கறிப் பொட்டலத்தைப் பற்றி எழுதினால் அவரைப் பற்றி எழுதியது மாதிரிதான். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பும் இல்லை.

ஓடைப்பட்டியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல். அதை அவர் பார்த்துக்கொண்டார். நான் சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளர். குடுவை கழுவுவது, பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவது, அமிலத்தை அளந்து ஊற்றி வைப்பது, இதுவே இருபது வருஷம். பாடம் நடத்துகிற வேலை கிடையாது. ஆனாலும் அவர் என்னை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார், கேலிக்கு. வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கும் லேபிள் ஒட்டினவள் நான். சீரகத்தைப் பார்த்தால் சீரகம் என்று தெரியாதா என்று கேட்பார். தெரியும்தான், இருந்தாலும் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே என்பேன். பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்துகிற ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

போன வருஷம் தை மாதம் அவருக்கு ரத்தத்தில் புற்று என்று மதுரையில் சொன்னார்கள். அங்கேயே படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து நோயை அடிக்கும்போது உடம்பின் காவலையும் சேர்த்து அடித்துவிடும். மற்றவர்களுக்கு ஒரு நாள் வயிற்றாலையோடு போகிற கிருமி, அவர் உயிரைக் கொண்டுபோய்விடலாம். இதை எனக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னது அந்த வார்டு நர்ஸ். சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இங்கே மதினி, அதாவது அவருடைய அக்கா, தம்பிக்குக் குணமாக வேண்டும் என்று குலசாமிக்குக் கிடா நேர்ந்துவிட்டார். மதினி எங்கள் தெருவிலேயே நாலாவது வீடு. சுருளிப்பட்டி தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் குலசாமி. மாசி சிவராத்திரிக்கு வகையறா மொத்தமும் கூடும். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே கிடா வெட்டியாயிற்று. என் அண்ணனைத் துணைக்கு அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் மட்டும் ஒரு நாள் வந்தேன்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. யார் உடம்புக்காகக் கிடா நேர்ந்தார்களோ, அவருக்கென்று ஒரு கூறு தனியாக எடுப்பார்கள். ஒரு முன்னங்கால், நெஞ்செலும்பு, ஈரல் முழுசாக. காலையும் நெஞ்செலும்பையும் துண்டு போட்டு, மஞ்சள் தடவி, ஈரலையும் நடுவில் வைத்து ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்கள். உரியவர் கையால் தொட்ட பிறகுதான் அந்தக் கூறைப் பிரிக்கலாம். அதற்கு முன்னால் பிரித்தால் குடும்பம் பிரிந்துவிடும் என்பது பேச்சு. ஆள் வெளியூரில் இருந்தால், முன்பெல்லாம் கூறை உப்புக்கண்டம் போட்டு ஒரே கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு வைத்திருப்பார்களாம்.

"உப்புக்கண்டம் போட்ருவோமா ஆத்தா?" என்று மதினி கேட்டார்.

"உப்பே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக மதினி. ஈ மொய்க்கும், தூசி விழுகும். நான் ஃப்ரீசர்ல வச்சுக்கிறேன்."

"எங்கன வேணா வையி. ஒரே பையில வையி. அவன் வந்து தொடுற வரைக்கும் பிரிச்சுராத."

கறியை எப்படி உறைய வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம், தட்டையாக, நடுவில் வெண்ணெய்த் தாள், வெளியே தேதி. ஈரல் தனி, எலும்பு தனி. கோழிக்கறியை அப்படித்தான் வைப்பேன். சின்னப் பொட்டலம் சீக்கிரம் இளகும், தேவைக்கு ஒன்றை எடுத்தால் மற்றது அப்படியே இருக்கும். ஆனால் அன்றைக்கு எனக்குப் பயம் வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் வரும் எண்களைப் பார்த்துப் பார்த்துப் பயந்து போயிருந்த நேரம். பூனைக்கும் பல்லிக்கும் சிரித்த நான், குடும்பம் பிரியும் என்ற சொல்லைக் கேட்டதும் பொட்டலத்தை அப்படியே மடித்து, மூன்று கிலோவுக்குக் குறையாத அந்தக் கூறை ஃப்ரீசருக்குள் வைத்து அமுக்கினேன். லேபிள் மட்டும் ஒட்டினேன்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது நர்ஸ் மறுபடியும் நோட்டைத் திறக்கச் சொன்னார். வெளிச் சாப்பாடு வேண்டாம். பச்சைக் காய் வேண்டாம். கறி கொடுக்கலாம், ஆனால் உள்ளே சிவப்பு தெரியாமல் வெந்திருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்ததாக இருந்தால் ராத்திரி முழுக்க வெளியே போட்டு வைக்கக் கூடாது, வெந்நீரில் போடக் கூடாது. மேலே இளகி வெதுவெதுப்பாக இருக்கும், நடுவில் ஐஸாக இருக்கும், அந்த வெதுவெதுப்பில்தான் கிருமி பெருகும். ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து இளக விட வேண்டும். அவசரம் என்றால் தண்ணீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். இளகியதும் சமைத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. அத்தனையையும் எண் போட்டு எழுதினேன். எழுத எழுத ஒரு நிம்மதி. விதி தெரிந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.

அவருக்கு வாயெல்லாம் புண். ஆஸ்பத்திரியில் ஒரு மாதமாகக் கஞ்சியைக் கூட முகம் சுளித்துத்தான் குடித்தார். சனிக்கிழமை காலையில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அவராகவே கேட்டார்.

"டீச்சரம்மா, எனக்குன்னு ஒரு கூறு வச்சிருக்கீகளாமே?"

"இருக்கு. ஏன்?"

"ஈரலு தின்னணும் போல இருக்கு. மிளகு போட்டுப் பெரட்டி."

ஒரு மாதத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் சாப்பாடு அது. ஃப்ரீசரிலிருந்து பொட்டலத்தை எடுக்கவே கால் மணி நேரம் ஆனது, அடியில் ஐஸோடு ஒட்டிக்கிடந்தது. எடுத்துப் பார்த்தால் கறி மாதிரியே இல்லை. ஃப்ரீசரின் மூலைக்குத் தக்கபடி முனை வளைந்து, மஞ்சளும் பழுப்புமாக ஒரு கல். ஈரல் எங்கேயோ நடுவில். அவர் இன்னும் தொடவில்லை என்பதைக் கூட மறந்து கரண்டிக் காம்பை இரண்டு துண்டுக்கு நடுவில் கொடுத்து நெம்பினேன், காம்பு வளைந்தது. அவருடைய ஸ்க்ரூ டிரைவரைக் கொதிநீரில் கழுவி வைத்துத் தட்டினேன், ஒரு எலும்புச் சில்லு தெறித்து அடுப்புக்குப் பின்னால் போனது. கத்தியை எடுத்தபோது அது வழுக்கி என் பெருவிரலை உரசிக்கொண்டு போனது. தோல் கீறவில்லை. அதற்கு மேல் தைரியம் வரவில்லை.

சரி, குளிர்ந்த தண்ணீர் முறை என்று அண்டாவை எடுத்துவைத்துக் குழாயைத் திறந்தேன். பங்குனி வெயிலில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் காலை ஒன்பது மணிக்கே கையைச் சுடும். அதைக் குளிர்ந்த தண்ணீர் என்று யார் சொல்வது? ஐஸ் போடலாம் என்றால் ஐஸ் தட்டில் இருந்தது பன்னிரண்டு கட்டி. பையும் ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது. நோட்டைப் பார்த்தேன், மிச்சம் இருந்தது கீழ்த் தட்டு. ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கீழ்த் தட்டில் தள்ளினேன். அந்த அளவுக் கட்டி இளக இரண்டு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"ரெண்டு நாளா?" என்றார்.

"கடையில இப்பவே புதுசா ஈரல் வாங்கியாந்து பண்ணித் தாரேன்."

"எனக்குன்னு சாமிகிட்ட இருந்து வந்தது வீட்டுல இருக்கையில கடைக்கறி எதுக்கு? இளகட்டும்."

மதினி மத்தியானம் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நேராக அடுப்படிக்குப் போய் ஒரு சட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்.

"அவன் தொட்டதும் இதுல போட்டா அஞ்சு நிமிசத்துல விட்டுப் போகும். இளகுனத எடுத்துச் சட்டியில போடு, மிச்சத்தத் திரும்ப உள்ள வையி. இதுக்கு ஒரு நோட்டா?"

"வேணாம் மதினி. மேல வெந்தும் வேகாம இருக்கும், உள்ள ஐஸா இருக்கும். கிருமி வந்துரும்."

"சாமி கூறுல கிருமி வருமாக்கும்."

நான் அடுப்பை அணைத்தேன். மதினி முகம் சுண்டிப்போனது. கட்டிலில் இருந்து அவர்தான் சமாதானம் சொன்னார். "விடுக்கா. டீச்சரம்மா சொல்றபடியே நடக்கட்டும். ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுக்க மாட்டேனா?" அவர் சொன்ன பழமொழி கூடச் சரியாக இல்லை, இன்னும் ஆக்கவே ஆரம்பிக்கவில்லை. அதைச் சொல்லி மூன்று பேரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்கு அதே பேச்சு. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, "என்னாச்சு, இளகிருச்சா?" நான் போய்த் திறந்து பார்த்து வந்து சொல்வேன். தாம்பாளத்தில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கட்டியிருக்கும், அதைக் கொட்டித் துடைத்து வைப்பேன். சாயங்காலம் நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அவரே வந்து, குனிந்து, பைக்குள் கையை விட்டு ஒரு விரலால் கறியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். புறங்கையெல்லாம் எலும்பு தெரியும் அந்தக் கை.

"ஓரத்துல பஞ்சாட்டம் இருக்கு. நடுவுல இன்னும் கல்லுதான்" என்று சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு வந்ததே கோபம். "பச்சக் கறியில கைய வைக்கலாமா? நர்ஸ் என்ன சொன்னாக? போயி சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க முதல்ல. சின்னப் பிள்ளையா நீங்க?"

அவர் போய்க் கையைக் கழுவினார். இரண்டு தடவை கழுவினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு போய்ச் சுவரைப் பார்க்கப் படுத்துக்கொண்டார்.

ஓரத்தில் நாலைந்து துண்டு அப்போதே தனியாக வந்துவிட்டிருந்தது. அதை எடுத்துக் குழைய வேக வைத்து ரசமாவது கொடுத்திருக்கலாம். தோன்றாமல் இல்லை. ஆனால் அவர் கேட்டது ஈரல், கூறை அவர் முறைப்படி தொடவும் இல்லை. முழுசாக இளகட்டும், நாளைக் காலையில் எல்லாவற்றையும் சேர்த்து முறையாகச் செய்துவிடலாம் என்று கதவை மூடினேன். பாதி வேலை எனக்குப் பிடிக்காது. மிளகை இடித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். அதற்கும் லேபிள் ஒட்டினேனா என்று இப்போது ஞாபகம் இல்லை, ஒட்டியிருப்பேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவர் நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார். காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது என்பதும் நோட்டில் இருந்தது. கார் பிடித்து முதலில் தேனிக்குப் போனோம், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். தேனிக்குப் போகிற வழியில் அவர் தலை என் மடியில் இருந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"அந்தக் கூறு கெட்டுப் போகாதுல்ல?"

"கெடாது. வந்து பண்ணித் தாரேன்."

கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும். இளகிய கறி கீழ்த் தட்டில் எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் காரில் நான்தான். அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன முழு வாக்கியம் அந்தப் பொய். அதற்குப் பிறகு மூச்சுக் குழாய் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் இறந்து போனார்.

கிருமி எங்கிருந்து வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் உடம்புக்குள்ளேயே இருந்ததுதான், வெளியிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை என்றார். அவர் ஈரலைத் தின்றிருந்தாலும் திங்கட்கிழமை அந்தக் காய்ச்சல் வந்திருக்கும், தின்னாமலும் வந்தது. தின்றிருந்தால் கறிதான் கொன்றது என்று ஆயுசுக்கும் என்னை நானே குத்திக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு மனுஷன் ஆசைப்பட்டு ஒன்று கேட்டான், அது வீட்டிலேயே இருந்தது, நான் இரண்டு நாள் கொடுக்காமல் வைத்திருந்தேன். சாமிக்குப் பயப்பட வேண்டாத நாளில் பயந்து மொத்தமாக உறைய வைத்தேன். சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருக்க வேண்டிய நாளில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டையும் தலைகீழாகச் செய்த புத்திசாலி நான்.

ஞாயிற்றுக்கிழமை அவரை எடுத்துவிட்டோம். மறுநாள் துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி போடப் பால் எடுக்க, மதினி ஃப்ரிட்ஜைத் திறந்தார். திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் போய்த் தாம்பாளத்தை வெளியே இழுத்தேன். பையைப் பிரித்தேன். நெம்பியும் தட்டியும் அசையாத அந்தக் கல் இல்லை. துண்டு துண்டாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், எல்லாம் தனித்தனியாகக் கிடந்தது. நடுவில் ஈரல் முழுசாக, நிறம் மாறி, நாறிப்போய்.

"அவர் தொடுறதுக்கு முன்னாடியே எல்லாம் பிரிஞ்சிருச்சு மதினி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. குடும்பம் பிரியும் என்ற பேச்சைக் குத்திக்காட்டத்தான் சொன்னேனோ என்னவோ.

மதினி கோபப்படவில்லை. "தொட்டான்த்தா" என்றார். "ஞாயித்துக்கெழம பொழுது சாய நான் வந்தப்ப அவந்தான் சொன்னான். 'அக்கா, நான் என் கூறத் தொட்டுட்டேன், இனிமே நீங்க பிரிச்சுக்கலாம், டீச்சரம்மா வஞ்சாலும் பரவால்ல'ன்னு சொல்லிச் சிரிச்சான். நீ அங்கன மிளகு இடிச்சுக்கிட்டிருந்த."

அவர் இளகிவிட்டதா என்று பார்க்கத்தான் விரலை வைத்தார் என்று நான் நினைத்திருந்தேன். எனக்காக வைத்திருக்கிறார். நான் பயந்துகொண்டு பிரிக்காமல் வைத்திருக்கிறேன் என்று தெரிந்து, எழுந்து நடக்க முடியாத ஆள் சுவரைப் பிடித்து வந்து தொட்டிருக்கிறார். அதற்கு நான் கையைக் கழுவச் சொல்லிக் காவல் நின்றேன்.

மதினியும் நானும் தோட்டத்துக்குப் போய்ப் பந்தலுக்கு அடியில் குழி வெட்டிப் புதைத்தோம். நாய் தோண்டாமல் இருக்க மேலே கல் வைத்தோம்.

கருமாதி முடிந்த மறுநாள், பிறந்த வீட்டார் கறி எடுத்து வந்து சமைத்துப் போட்டுத் துக்க வீட்டின் பத்தியத்தை முடித்து வைப்பது எங்கள் பக்கத்து முறை. என் அண்ணன் மார்க்கையன்கோட்டையிலிருந்து ஆட்டுக்கறியோடு வந்தார். அவர் வீட்டு ஆட்களே எங்கள் அடுப்படியில் சமைத்தார்கள். கூடத்தில் வரிசையாக இலை போட்டார்கள். என் இலையில் முதலில் வைத்தது ஈரல், மிளகு போட்டுப் பிரட்டியது. அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. எதிர் இலையில் இருந்த மதினிக்குத் தெரியும், அவர் குனிந்துகொண்டார்.

துக்கத்துக்கு உரியவள் வாயில் வைக்காமல் மற்றவர்கள் இலையில் கை வைக்கக் கூடாது. இருபது பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு துண்டை எடுத்துப் பிட்டு, உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. நன்றாக வெந்திருந்தது. வாயில் வைத்து மென்று விழுங்கினேன். அதன் பிறகு எல்லாரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.